சிறுவலைச் சிலந்திகளும் மூலமாதிரிகளும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில் மருதநிலத்து நெற்போர்கள் காட்டப்படுகின்றன. அவற்றின்மேல் சிலம்பி நூற்ற வெண்ணூல் சூழ்ந்து தொங்குகின்றது. அதனால் அப்போர்கள், துகில் உடுத்துத் துணங்கை ஆடும் பூதங்களைப் போலத் தோன்றுகின்றன என்பது கடியலூர் உருத்திரங்கண்ணனார் கண்ட உவமை. திருவானைக்காவில் இறைவன் திருமேனிமேல் சருகு விழாதபடி நூற்பந்தர் இழைத்த சிலந்தி, மறுபிறப்பில் கோச்செங்கட் சோழனாய்ப் பிறந்த வரலாற்றைப் பெரியபுராணம் கூறும். வைக்கோற்போரில் நூல் பரப்பியது எந்தச் சிலம்பி, ஆனைக்காவில் பந்தர் இட்டது எந்தச் சிலந்தி என்று எவரும் வினவியதில்லை. இலக்கியத்திற்கு அவ்வினா வேண்டுவதும் அன்று. விலங்கு நூலார்க்கோ அதுவே முதல் வினா. அவ்வினாவிற்கு அவர்கள் எங்ஙனம் விடை காண்கின்றனர், அவ்விடைக்குப் பொருட்காட்சிச் சாலைகளில் உள்ள கண்ணாடிக் குப்பிகள் எங்ஙனம் அடிப்படையாகின்றன என்பதை ஒரு சிறு சிலந்திப் பேரினத்தைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மத்திகிரி இன்று ஓசூர் மாநகராட்சியைச் சார்ந்தது. கருநாடக எல்லைக்கு அணித்தே அமைந்தது. கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயர்ந்த இம்மேட்டு நிலத்தில் கேழ்வரகும் அதனூடே அவரையும் விதைத்தல் பழைய வழக்கம். ஒருபால் கால்நடைப் பண்ணையின் புல்வெளிகளும், ஒருபால் 1974-இல் தொடங்கிய சிப்காட்டு வளாகத்தைத் தொடர்ந்து பெருகிய தொழிற்சாலைகளும் இவ்வூர்ப்புறத்தைச் சூழ்ந்துள்ளன. இங்குக் கொல்லை வேலியில் உலர்ந்து நிற்கும் ஒரு செடியின் நுனியில், ஒழுங்கற்ற சிறு கண்களையுடைய வெண்ணிற வலையொன்றையும், அதனுள் எள்ளளவே உடைய சிலந்தியொன்றையும் ஒருவர் காண்கின்றார் என்று கொள்வோம். 'இதற்குப் பெயர் யாது?' என அவர் அயலாரை வினவின், மும்மொழியும் வழங்கும் அவ்வூரில் மூன்று விடைகள் கிடைக்கும். தமிழர் 'சிலந்தி' என்பர். 'எட்டுக்கால் பூச்சி' எனக் காலை எண்ணிக் கூறுவாரும் உளர். தெலுங்கர் 'சாலெபுருகு' என்பர். 'சாலெ' என்பது நெசவாளரைக் குறிக்கும் சொல். நம் நாட்டுச் 'சாலியர்' என்னும் பெயரோடு அஃது ஒப்பிடத்தக்கது. கன்னடர் 'ஜேட' என்பர். அச்சொல்லும் நெசவாளரைக் குறித்து வழங்கியதென்பதற்கு ஜேடர தாசிமய்யர் என்னும் நெசவு செய்த சரணரின் பெயரே சான்றாகும். எல்லை கடந்தும் தொழில் நோக்கிப் பெயரிடும் இவ்வொற்றுமை சொல்லாராய்ச்சியாளர்க்கு இனிய பொருள். எனினும் இம்மூன்றும் சிலந்திக் குலம் முழுமைக்கும் பொதுப்பெயர்களே. உலகில் இதுகாறும் பெயரிடப்பட்ட சிலந்தி இனங்களின் தொகை 2022-இல் 50,000-ஐக் கடந்துவிட்டது. அவற்றுள் இது எது என்பதற்கு ஊர்வழக்கில் விடை இல்லை.

இத்தகைய சிறு கண்வலை பின்னும் சிலந்திகளை நெடுங்காலம் ஒரு பெயரின்கீழ் அடக்கி வந்தனர். அது 'டிக்டினா' என்பது. சுவீடன் நாட்டு அறிஞர் சுண்டேவால் 1833-இல் இப்பேரினத்தை நிறுவினார். கிரேக்க மொழியில் 'டிக்டியோன்' என்பது வலை. டிக்டின்னா என்பாள் கிரீட்டுத் தீவில் வழிபடப்பெற்ற ஒரு பெண் தெய்வம். தெலுங்கர் நெய்வோனை நோக்கிப் பெயரிட, ஐரோப்பியர் நெய்த வலையை நோக்கிப் பெயரிட்டனர். இப்பேரினத்திற்கு மாதிரியாகக் கொள்ளப்பட்ட இனம் டிக்டினா அருண்டினேசியா என்பது. லின்னேயசு 1758-இல் பெயரிட்ட சிலந்திகளுள் அஃது ஒன்று. ஈண்டு ஓர் இடைக்குறிப்பு: விலங்குப் பெயர்கள் யாவற்றிற்கும் தொடக்க எல்லையாக லின்னேயசின் 1758-ஆம் ஆண்டு நூலையே கொள்வர். சிலந்திகள் மட்டும் இதற்கு விலக்கு. கிளெர்க்கு என்பவர் 1757-இல் வெளியிட்ட சுவீடன் நாட்டுச் சிலந்தி நூலுக்கு லின்னேயசின் நூலினும் முன்னுரிமை உண்டு என்று பன்னாட்டுப் பெயரிடு விதிகள் ஏற்றுக்கொண்டுள்ளன. விலங்குலகில் வேறு எதற்கும் இப்பெருமை இல்லை.

டிக்டினாவின் உடல் நீளம் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் வரையே. உலர்ந்த பூக்கொத்து, தண்டின் நுனி, இலையின் மேற்பரப்பு ஆகியவற்றில் இது வலை கட்டும். நூல் வரும் உறுப்புகட்கு முன்னே, நுண்ணிய துளைகள் பல நிறைந்த தகடு ஒன்று இதற்கு உண்டு. அதனைச் சல்லடைத் தகடு எனலாம்; இலத்தீனத்தில் வழங்கும் பெயரின் பொருளும் அதுவே. நான்காம் காலில் வளைந்த மயிர்கள் வரிசையாக நின்று சீப்புப்போல் அமைந்துள்ளன. தகட்டிலிருந்து வரும் எண்ணிறந்த நுண்ணிழைகளை இச்சீப்பு வாரி இழுக்கும். பஞ்சு கொட்டினாற்போல இழைகள் உப்பி நிற்கும். அவற்றில் ஈரப்பசை இல்லை. ஒவ்வோர் இழையும் ஒரு மில்லிமீட்டரின் பல்லாயிரத்தில் ஒரு கூறே ஆதலின், உலர்ந்த நிலையிலேயே பூச்சியின் மயிரிலும் காலிலும் பற்றிக்கொள்ளும்.

இச்சல்லடைத் தகடு உள்ளவை ஒருபால், இல்லாதவை மறுபால் எனச் சிலந்திகளைப் பிரித்தல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வழக்கு. பார்வைக்கு இது தெளிவான பிரிவே. ஓசூர், கிருட்டினகிரிப் பக்கத்து முள்வேலிகளில் பந்துபோல் அழுக்கு வெண்ணிறக் கூடுகள் தொங்குதலைப் பலரும் கண்டிருப்பர். அவை கூட்டமாக வாழும் சிலந்திகளின் இல்லங்கள். ஸ்டெகோடைபசு சாரசினோரம் என்பது அவற்றின் பெயர். பால், பிரிட்சு சாரசின் என்னும் இருவர் இலங்கையில் தொகுத்தவற்றைக் கொண்டு, கார்ஷ் என்னும் செருமானிய அறிஞர் 1892-இல் இப்பெயரை இட்டார். இவற்றின் வாழ்க்கை முறையைப்பற்றி நம் நாட்டவராகிய ஜம்புநாதன் என்பவர் எழுதிய கட்டுரை 1905-இல் அமெரிக்காவின் சுமித்சோனியன் நிறுவன வெளியீட்டில் இடம்பெற்றது. இச்சிலந்திக்கும் சல்லடைத் தகடு உண்டு; டிக்டினாவிற்கும் உண்டு. எனவே இரண்டும் நெருங்கிய உறவின எனல் கூடுமோ?

கூடாது என்று காட்டியவருள் தலையாயவர் பின்லாந்து நாட்டு லெக்டினன். பல பொருட்காட்சிச் சாலைகளின் மாதிரிகளை ஆராய்ந்து, 1967-இல் ஏறத்தாழ 270 பக்க அளவில் அவர் ஒரு பேராய்வை வெளியிட்டார். சல்லடைத் தகடு பழமையான உறுப்பு. வெவ்வேறு கிளைகளில் வெவ்வேறு காலத்தில் அது மறைந்துபோயிற்று. ஆதலின் அதன் உண்மையும் இன்மையும் உறவைக் காட்டா என்பது அவர் துணிவு. பிற்கால ஆய்வுகள் அதனை வலியுறுத்தின. டிக்டினா என்னும் ஒரு பெயரின்கீழ்க் கிடந்த இனங்கள் பலவற்றையும் அவர் வெவ்வேறு பேரினங்கட்குப் பகிர்ந்தளித்தார்.

தமிழ் பயில்வார்க்கு இது புதிய செய்தி அன்று. ஔவையார் என்னும் பெயரால் வழங்கும் பாடல்களை எல்லாம் ஒருவர் பாடியனவாகவே நெடுங்காலம் கருதி வந்தோம். மொழிநடையையும் யாப்பையும் பிறவற்றையும் நோக்கிய பின்னரே ஔவையார் பலர் எனக் கண்டோம். பெயர் ஒன்றாயிருத்தலே ஆளும் ஒருவரே என்பதற்குச் சான்றாகாது. டிக்டினாவும் அவ்வாறு பலரைத் தாங்கிய ஒரு பெயர். ஆயினும் லெக்டினன் இப்பகுப்பைச் செய்தற்கு நூல்களில் உள்ள வருணனைகள் மட்டும் போதா; வருணிக்கப்பட்ட சிலந்தியே வேண்டும். இவ்விடத்தில்தான் மூலமாதிரி என்பதன் இன்றியமையாமை விளங்கும்.

ஒருவர் புதியதோர் இனத்திற்குப் பெயர் சூட்டும்போது, அப்பெயரை ஒரு குறிப்பிட்ட உடலோடு பிணைத்து வைக்கின்றார். அவ்வுடலே மூலமாதிரி. அதனைச் சாராயத்தில் இட்டு, சீட்டு எழுதி, பொதுவான ஓரிடத்தில் காத்தல் வேண்டும். முற்காலத்தார் பல மாதிரிகளை ஒருங்கே வைத்து, இதுவே மூலம் எனச் சுட்டாமல் விட்டதும் உண்டு. அவற்றை இணைமாதிரிகள் என்னலாம். பின்வந்தோர் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து மூலமாக நிறுவுவர். 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நடைமுறைக்கு வந்த நான்காம் பதிப்பு விதிகளின்படி, புதிய இனம் கூறுவோர் மூலமாதிரியை வெளிப்படையாகச் சுட்டுதல் கட்டாயம். அஃது எங்கு வைக்கப்படும் என்பதையும் கூறல் வேண்டும்.

மூலமாதிரி என்றவுடன் நம்மவர்க்கு ஓலைச்சுவடி நினைவிற்கு வருதல் இயல்பு. பத்துப்பாட்டினை 1889-இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் ஊர்தோறும் சென்று படிகளைத் தேடி, பாடங்களை ஒப்புநோக்கிய உழைப்பை நாம் அறிவோம். சிலந்தியாராய்வாளரும் நகர்தோறும் குப்பிகளைத் தேடுகின்றார், ஒன்றோடொன்றை ஒப்புநோக்குகின்றார். ஆயின் இவ்வொப்புமையை நெடுந்தூரம் இழுத்தல் பிழையில் முடியும். சுவடிப் பதிப்பாசிரியர்க்கு ஆசிரியர் கைப்பட எழுதிய ஏடு கிடைப்பதில்லை. படியின் படியே கிடைக்கின்றது. அவற்றினின்று இழந்த மூலத்தை அவர் உய்த்துணர்கின்றார். சிலந்தியாராய்வாளர்க்கு மூலம் அழியாமல் கிடைக்கக்கூடும். ஆனால் அம்மூலம் சிறந்ததாகவோ நிறைவுடையதாகவோ இருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை. கால் இழந்த ஒன்றாக இருக்கலாம்; இனத்தின் பொது இயல்பினின்றும் அளவில் வேறுபட்ட ஒன்றாகவும் இருக்கலாம். அஃது இனத்தின் இலக்கணம் அன்று. பெயரைக் கட்டிவைத்த முளை மட்டுமே. மாடு மேயும் எல்லை மாறலாம், முளை மாறுவதில்லை. இனத்தின் எல்லையை ஒருவர் விரிக்கலாம், மற்றொருவர் சுருக்கலாம். முளை எவ்வெல்லைக்குள் அகப்படுகின்றதோ அவ்வெல்லைக்குரியதே அப்பெயர். இந்நுட்பத்தை அறியாதார், 'ஒரே ஒரு செத்த பூச்சியை வைத்துக்கொண்டு ஓர் இனத்தையே எங்ஙனம் வரையறுப்பது?' என்று வினவுவர். வரையறுப்பது அதுவன்று, அது பெயர் நிலைபெயராமல் காப்பது.

இந்தியாவில் உள்ளனவாகக் கூறப்படும் டிக்டினாக்களின் வரலாறு இதனை நன்கு காட்டும். டிக்டினா அல்பிடா என்பது 1885-இல் பெயர் பெற்றது. அதனை வருணித்தவர் பிக்கார்டு கேம்பிரிட்சு; இங்கிலாந்தில் பிளாக்சுவொர்த்து என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஒரு கிறித்தவக் குரு. அவர் கண்ட மாதிரிகளைத் தொகுத்தவர் பெர்டினாண்டு சுடொலிசுக்கா. இந்தியப் புவியியல் அளவைத் துறையில் பணிபுரிந்த இவர், அரியலூர், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளின் பாறைகளிற் கிடைத்த பழங்கடல் உயிரெச்சங்களைப்பற்றி விரிந்த நூல்களை எழுதியவர். அவ்வகையில் தமிழ்நாட்டிற்கு உறவினர். இரண்டாம் யார்க்கண்டுத் தூதுக்குழுவுடன் இமயத்திற்கு அப்பாற் சென்று, திரும்பும் வழியில் 1874 சூனில் லடாக்குப் பகுதியில் உயிர் நீத்தார். அவர் தொகுத்தவை தப்பின. தொகுத்தவர் மறைந்து பதினோராண்டு கழிந்த பின்னர், பனிமலை கடந்து வந்த எள்ளளவுச் சிலந்திக்கு ஆங்கில நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பெயர் அமைந்தது. கேம்பிரிட்சின் தொகுதி இன்று ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகப் பொருட்காட்சிச் சாலையில் உள்ளது.

அடுத்தது டிக்டினா டர்பிடா. இதற்கு 1905-இல் பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் எழேன் சீமோன். இந்தியா, இலங்கை ஆகிய இரு நாடுகளிலும் இஃது உள்ளதென்று பட்டியல்கள் கூறுகின்றன. ஆதலின் மத்திகிரியில் கண்ட சிலந்திக்கு முதலில் ஒப்புநோக்க வேண்டியது இதுவே ஆகும். சீமோன் (1848–1924) சிலந்தி நூலில் இமயம் போன்றவர். தென்னிந்தியச் சிலந்திகள் அவர் கைக்கு வந்த வழிகளுள் ஒன்று, மொரீசு மேந்திரோன் என்பாரின் பயணம். மேந்திரோன் பூச்சிநூல் வல்லவர்; புதின ஆசிரியரும் ஆவார். புதுச்சேரி, செஞ்சி முதலிய இடங்களில் தங்கித் தொகுத்து, சோழமண்டலக் கரையைப்பற்றி 1907-இல் ஒரு நூலும் எழுதினார். அவர் கொணர்ந்த சிலந்திகளைச் சீமோன் ஆராய்ந்து வெளியிட்டார். அக்கால முறைப்படி சீமோனின் வருணனைகள் இலத்தீன் மொழியில் சுருங்க அமைந்தவை. பெரும்பாலும் படம் இல்லாதவை. நூற்பா மட்டும் இருந்து உரை இல்லாதது போன்ற நிலை. நூற்பாவைப் பலர் பலவாறு பொருள் கொள்வர். உரையாசிரியர் எழுந்து வந்து விளக்கப்போவதில்லை. பாரிசு நகரத்து இயற்கை வரலாற்றுப் பொருட்காட்சிச் சாலையில் சீமோனின் எண்ணிட்ட குப்பிகள்தாம் விளக்கவேண்டும். 'டர்பிடா' என்னும் இலத்தீனச் சொல்லுக்குக் கலங்கியது என்று பொருள். பெயர் பொருத்தமாகவே அமைந்தது என்று நகைப்பார் நகைக்கலாம்.

மூலமாதிரி நம் நாட்டிலேயே தங்கும் காலம் பின்னர் வந்தது. இந்திய விலங்கியல் அளவைத்துறை கல்கத்தாவில் 1916-இல் தோன்றியது. அத்துறையைச் சார்ந்த பி. கே. டிக்காதர் 1966-இல் டிக்டினா ஷில்லாங்கென்சிசு, டிக்டினா உமாய் என்னும் இரண்டு இனங்களை வருணித்தார். முன்னதன் பெயரிலேயே ஷில்லாங்கு நகரம் விளங்குகின்றது. சென்னையிலும் இக்கலைக்கு முன்னோர் உண்டு. 1851-இல் நிறுவப்பெற்ற சென்னை அரசாங்கப் பொருட்காட்சிச் சாலைக்கு 1920 முதல் 1940 வரை தலைவராயிருந்த கிரேவ்லி, இந்தியச் சிலந்திகளைப்பற்றித் தொடர்ந்து எழுதினார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் ஷெரிபு என்பார் தென்னிந்தியச் சிலந்தியாராய்ச்சி பற்றிய தம் கட்டுரைத் தொடரை 1919-இல் தொடங்கினார். ஆயினும் பெரிய சிலந்திகள் பெற்ற கவனத்தைச் சிறியவை பெறவில்லை என்பதே என் கருத்து. கண்ணுக்குத் தெரிவது முதலில் பெயர் பெறுதல் எல்லாத் துறைக்கும் பொது.

இனிக் குப்பியைத் திறந்தால் காண்பது யாது? உயிரோடிருந்தபோது உடலை அழகுசெய்த வெளிர் மயிர்களும் அவற்றாலான கோலமும் சாராயத்துள் நனைந்து மங்கிவிடும். ஆண்டுகள் செல்ல நிறமும் வெளுத்துவிடும். அல்பிடா என்னும் பெயர்க்கு வெண்மை சார்ந்தது என்பது பொருள்; அவ்வெண்மையைக் குப்பியுள் தேடுதல் வீணாகலாம். மங்காதவை வன்மையான உறுப்புகளே. ஆண் சிலந்தியின் முகத்தருகே உள்ள உணர்கொம்புகளின் நுனி பருத்து, கொக்கியும் சுருளுமாக அமைந்திருக்கும். அஃது இனச்சேர்க்கைக்குரிய உறுப்பு. பெண்ணின் வயிற்றடியில் அதற்கு ஏற்ற தகடு உண்டு. இவ்விரண்டின் வடிவும் இனத்திற்கு இனம் வேறுபடுதலின், பெயரறிதற்கு இவையே முதன்மையான சான்றுகள். டிக்டினா ஆணுக்குத் தாடைகளும் வெளிப்புறமாக வளைந்திருக்கும். பெண்ணின் தகட்டை நுண்ணூசியாற் பிரித்தெடுத்து, உள்ளமைப்புத் தெரியும்பொருட்டுக் கிராம்பு எண்ணெயில் இட்டுத் தெளியவைத்து, உருப்பெருக்கியின்கீழ் வரைவர். அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த ஒரு பொருளின் வளைவுகளை வரைதற்கு ஒரு நாள் முழுதும் செல்வதுண்டு. வளராத சிலந்திக்கு இவ்வுறுப்புகள் முற்றாமையால், அதனைக்கொண்டு இனத்தைத் துணிதல் பெரும்பாலும் இயலாது. வேலியில் அகப்பட்டவை எல்லாம் குஞ்சுகளாயின் அவ்வாண்டின் தேடல் அம்மட்டோடு நிற்கும்.

உடலுக்கு அடுத்தது சீட்டு. உடல் எத்துணை நன்கு காக்கப்பட்டிருப்பினும், எங்கு, என்று, யாரால் எடுக்கப்பட்டது என்னும் குறிப்பு இல்லையேல் பாதிப் பயனே உண்டு. தருமபுரி, கிருட்டினகிரிப் பகுதிகள் நடுகற்களுக்குப் பெயர் பெற்றவை. ஒரு நடுகல்லை அது நின்ற இடத்தைக் குறியாமல் பெயர்த்து வந்தால், வீரன் உருவம் இருக்கும். அவன் எந்த ஊர்ப் பூசலில் பட்டான் என்பது மறைந்துபோம். சிலந்தியும் அத்தகையதே. சீட்டில் இடம் எழுதப்பட்டிருந்தும் அது மயக்குதல் உண்டு. ஓசூருக்கு வடக்கே, ஆந்திர நாட்டுக் குத்தி என்னும் ஊரின் புகைவண்டி நிலைய மரக்கிடங்கில் கிடைத்த நீலநிறப் பெருஞ்சிலந்தி ஒன்றைப் போகாக்கு என்பவர் 1899-இல் வருணித்தார். சீட்டில் குத்தி என்றே இருந்தது. அதன்பின் நூறாண்டுக்கு மேல் அவ்வினம் காணப்படவில்லை. 2001-இல் அது மீண்டும் கண்டறியப்பட்டது குத்தியில் அன்று. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில், நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில். மரத்தோடு வண்டியேறி வந்த ஒன்றுக்கு மரம் இறங்கிய ஊரே பிறந்த ஊராயிற்று எனக் கருதுகின்றனர். இவ்வினம் அழிவின் விளிம்பில் உள்ளதென 2008-இல் அறிவிக்கப்பட்டது. ஊரைத் தவறாக அறிந்திருப்பின் காவலும் தவறான இடத்திலேயே அமையும் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

மூலமாதிரி அழிந்தால் என் செய்வது? 2018 செப்டம்பர் 2-ஆம் நாள் இரவு, பிரேசில் நாட்டு ரியோ நகரத் தேசியப் பொருட்காட்சிச் சாலை தீக்கிரையாயிற்று. அங்கிருந்த பூச்சித் தொகுதியும் சிலந்தித் தொகுதியும் பெரும்பகுதி எரிந்தன. நம் நாட்டிலும் 2016 ஏப்ரலில் புதுதில்லித் தேசிய இயற்கை வரலாற்றுப் பொருட்காட்சிச் சாலை தீயில் அழிந்தது. சாராயக் குப்பிகள் நிறைந்த அறைக்குத் தீயினும் கொடிய பகை இல்லை. தீயின்றியும் அழிவு வரும்: அடைப்புத் தளர்ந்து சாராயம் ஆவியாகிவிடின், சிலந்தி காய்ந்து சுருங்கித் தொட்டால் உதிரும் நிலை அடையும். மூலம் ஒழிந்தது உறுதியாயின், பெயர் குழப்பத்திற்கு இடந்தரும்போது மட்டும், புதுமூலமாதிரி ஒன்றை நிறுவ விதிகள் இடம் தருகின்றன. அதனைக் கூடியவரை பழைய மாதிரி கிடைத்த இடத்தினின்றே எடுத்தல் வேண்டும் என்பதும் விதி. அவ்விடம் ஒரு வேலியாயிருந்து, வேலி இருந்த நிலம் கட்டடமாகிவிட்டால், இவ்விதியை நிறைவேற்ற வழி இல்லை. பின்னொரு நாள் பழைய மாதிரி எங்கேனும் அகப்பட்டுவிடின், புதியது விலகிப் பழையதற்கு இடந்தரும். இழந்ததாகக் கருதிய ஏடு கிடைத்தவுடன் ஊகப்பாடம் விலகுதல் போன்றது இது.

மூலமாதிரிகள் மிகுதியும் அயல்நாடுகளில் இருத்தலைக் குறைகூறுவோர் உளர். அக்குறை முற்றும் பொருந்தாதது அன்று. ஒரு பெயரை அறியப் பாரிசுக்கோ ஆக்சுபோர்டுக்கோ எழுதவேண்டியிருப்பது ஏழை ஆராய்ச்சியாளர்க்குப் பெருந்தடை. எனினும் நூற்றாண்டுக்கு மேலாகச் சாராயம் வற்றாமல் ஊற்றிக் காத்தவர்கள் அவர்களே என்பதையும் நினைத்தல் நேர்மை. நுண்படங்களை எடுத்து அனுப்பும் முறை வந்தபின் இத்தடை ஓரளவு நீங்கியுள்ளது. பழைய மாதிரிகளினின்று மரபணுவைப் பெறவும் இன்று சில வேளைகளில் இயலுகின்றது. இந்தியாவிலோ 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், புதிய இனம் கண்டவர் அதனை அரசு குறித்த காப்பகத்திற்கு அறிவித்து, சான்று மாதிரியை அங்கே வைத்தல் வேண்டும் என்கின்றது. விலங்குகட்கு இந்திய விலங்கியல் அளவைத்துறை அத்தகைய காப்பகம். சென்னையில் அதன் தென்மண்டல நிலையம் உள்ளது.

மத்திகிரி வேலியில் கண்ட சிலந்திக்கு மீள்வோம். அஃது உண்மையில் டிக்டினாவோ, லெக்டினன் பிரித்த பிற பேரினங்களுள் ஒன்றோ, இதுவரை எவரும் பெயரிடாத ஒன்றோ என்பது வலையை நோக்கிய அளவில் விளங்காது. முதிர்ந்த ஆணும் பெண்ணும் அகப்படும் பருவத்தில் அவற்றை எடுத்தல் வேண்டும், உயிரோடிருக்கும்போதே நிறத்தையும் வலையையும் படம் பிடித்தல் வேண்டும், பின்னர்த்தான் சாராயம். சீட்டை நீரிற் கரையாத மையால் எழுதிக் குப்பியின் உள்ளேயே இடுவர். வெளியே ஒட்டிய சீட்டு உதிர்ந்துவிடும். மாவட்டம் கிருட்டினகிரி என்று மட்டும் எழுதினால் போதாது. இம்மாவட்டம் 2004-இல்தான் தருமபுரியினின்று பிரிந்தது. மத்திகிரியும் தனிப் பேரூராட்சியாயிருந்து ஓசூரோடு இணைந்தது. ஆட்சியெல்லைகள் மாறும். ஆதலின் ஊரின் பெயரோடு நிலநேர்க்கோடு, அகலக்கோடு, உயரம், செடியின் பெயர், நாள் ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும். செடியின் பெயரை மூன்று மொழியிலும் குறித்தால் நன்று. பின்வருவோருள் எம்மொழியினர் அதனைத் தேடுவர் என்பது நமக்குத் தெரியாது.

அக்குப்பி காப்பகத்தின் அடுக்கை அடையும்போது, டர்பிடாவின் மூலத்தோடு ஒருவர் ஒப்புநோக்கி முடிக்கும்வரை, பேரினப் பெயரையும் அதன் பக்கத்தில் ஒரு வினாக்குறியையும் மட்டும் சீட்டில் எழுதி, இனப்பெயர்க்குரிய இடத்தை வெற்றிடமாக விட்டுவைத்தல் இத்துறையினர் வழக்கம்.